தோல்வியறியா மல்லரும் தோற்றுக்கொடுத்த மல்லர்களும்

பொதுமக்கள் பெருந்திரளாகக் கூடி மகிழும் கேளிக்கைகளைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அவை கீழ்த்தரமானவை, சிந்தனையை மழுங்கச் செய்பவை, ஆராயத் தகுதியற்றவை என்று முகஞ் சுளிப்பது ஒன்று. இது பண்டிதர் மனப்பான்மை. மக்கள் பணங்கொடுத்துப் பார்க்கின்றனர், ஆகவே அதுவே அவர்கள் விரும்பியது என்று கணக்குக் காட்டுவது மற்றொன்று; இது வியாபாரியின் மனப்பான்மை. முற்போக்கு விமர்சனம் இவ்விரண்டையும் மறுத்தே வளர்ந்தது. நாட்டார் பாடலையும் கூத்தையும் அது பண்டிதரின் அலட்சியத்திலிருந்து மீட்டது. வியாபாரத் திரைப்படத்தின் பின்னே நிற்கும் மூலதனத்தைச் சுட்டிக் காட்டியது. ஆயினும் தொழில்முறை மல்யுத்தம் என்னும் காட்சியைப் பற்றிப் பேச்செழும்போது மட்டும் முற்போக்காளர் பலரும் பண்டிதரின் பக்கத்திலே போய் நின்றுகொள்கின்றனர். "எல்லாம் பொய், முன்பே பேசிவைத்த நாடகம்" என்ற ஒரே வசனத்தோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

நாடகம் என்பதே ஒரு குற்றச்சாட்டாகுமா? விடியும்வரை கண்விழித்துக் கூத்துப் பார்க்கும் மட்டக்களப்பு மக்களிடம் இதனைச் சொன்னால் அவர்கள் நகைப்பர். அருச்சுனனே வெல்வான் என்பது, களரியில் மத்தளம் முழங்கும் முன்னரே அவர்களுக்குத் தெரியும். முடிவு தெரிந்திருப்பதனாற் கூத்துப் பொய்யாகிவிடுவதில்லை. எனவே மல்யுத்தக் காட்சியிலே பொய் இருக்கிறதெனின், அது வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். அந்த இடம் யாது என்று தேடுவதே நமது நோக்கம். இத்தேட்டத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது தாரா சிங் என்னும் பஞ்சாபிய மல்லரின் நீண்ட தொழில்வாழ்க்கை.

வாவிக்கரைக்கும் பஞ்சாபுக்கும் வெகுதூரம். ஆயினும் தாரா சிங் என்ற பெயர் இங்கு அந்நியமானதன்று. பலமில்லாத ஒருவன் வீரம் பேசினால், "இவர் பெரிய தாரா சிங்" என்று கேலி செய்வது தமிழ் பேசும் ஊர்கள் பலவற்றிலும் வழக்காகும். ஒரு மனிதரின் பெயர் பொதுப்பெயராகிவிடுவது அரிய நிகழ்ச்சி. அவருக்கு முன் அவ்வாறு நம் மொழியிற் புகுந்த பெயர் சாண்டோ. ஜெர்மனியிற் பிறந்த யூஜின் சாண்டோவின் பெயர், தேகபலங் காட்டுவோரின் பட்டமாகவும் கையில்லாப் பனியனின் பெயராகவும் நம்மிடையே நிலைத்துவிட்டது. அந்தப் பட்டம் வெள்ளையரின் உடலை இலட்சியமாகக் கொண்டது. தாரா சிங் என்ற வழக்கோ ஆசியக் குடியானவன் ஒருவனின் உடலை அளவுகோலாக்கியது. இவ்வேறுபாடு சிறிதன்று, அது ஒரு சகாப்தத்தின் மாற்றத்தைக் குறிக்கின்றது.

தாரா சிங் 1928 நவம்பர் 19 ஆம் திகதி அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் என்னும் கிராமத்தில் வேளாண் குடும்பத்திற் பிறந்தார். 1940-களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்குப் போனார். தமிழரைப் போலவே பஞ்சாபியரையும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இழுத்துச் சென்ற அதே குடியேற்றப் பொருளாதாரந்தான் அவரையும் இழுத்தது. அங்கே டிரம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை செய்தார். 'கிரேட் வேர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் ஹர்ணாம் சிங் என்பவரிடம் தொழில்முறை மல்யுத்தம் பயின்றார். பகலில் ஆலைக்கு விற்ற உடலை இரவில் மேடைக்கு விற்கத் தொடங்கினார் எனலாம். பின்னர் தென்கிழக்காசிய நாடுகளிலும் இலங்கையிலும் மேடையேறினார். 1954 இல் 'ருஸ்தமே ஹிந்த்' என்னும் இந்திய மல்லர் பட்டத்தையும், 1959 இல் கல்கத்தாவில் பொதுநலவாயப் பட்டத்தையும் பெற்றார். 1968 மே 29 ஆம் திகதி பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வீழ்த்தி உலக வீரர் என்று கொண்டாடப்பட்டார். 1983 இல் டில்லியில் மேடையை விட்டு விலகினார். 2012 ஜூலை 12 இல் மும்பையில் மறைந்தார். இடையிலே திரைப்பட நாயகர், தொலைக்காட்சி அனுமான், மாநிலங்களவை உறுப்பினர் என்று பல வேடங்கள். ஐந்நூறு போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்றதில்லை என்பது அவரைப் பற்றி ஓயாது சொல்லப்பட்ட பெருமை.

இந்த ஐந்நூறுதான் முதலில் நம்மை நிறுத்த வேண்டிய இலக்கம். மெய்யாகப் போரிடும் எந்த மனித உடலும் முப்பதாண்டுகள் தோல்வியின்றி நிற்க இயலாது. தோல்வியறியாமை என்பது உடலின் இயல்பன்று. அது கணக்கேட்டின் இயல்பு. இதனை விளங்கிக்கொள்ள மல்யுத்தத்தின் பொருளாதாரத்தைச் சற்று நோக்க வேண்டும்.

தாரா சிங்குக்கு முந்திய தலைமுறையின் பெருமல்லர் காமா. 1910 செப்டெம்பரில் இலண்டனில் அவர் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். அந்தப் போர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. காமாவின் பிடிக்கு அஞ்சிய ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் விரிப்பின்மீது குப்புறக் கிடந்தார். வெற்றி தோல்வியின்றிக் கலைந்தது. 1928 இல் பட்டியாலாவில் அவ்விருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றுவிட்டார். மெய்யான மற்போரின் தன்மை இதுதான். அது மணிக்கணக்காக அசைவற்றுக் கிடக்கலாம்; கண்ணிமைப்பதற்குள் முடிந்தும் போகலாம். இவ்விரண்டுமே நுழைவுச்சீட்டு விற்பவனுக்கு நட்டம். காமாவை ஆதரித்தது பட்டியாலா அரண்மனை. மகாராசாவுக்குச் சீட்டு விற்க வேண்டிய தேவை இல்லை. சமஸ்தானம் போய்ச் சந்தை வந்தபோது, குறித்த நேரத்திற் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிவதும், அடுத்த வாரமும் கூட்டத்தை வரச் செய்வதுமான ஒரு மல்யுத்தம் வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1920-களிலேயே அது ஒரு தொழிலாக ஒழுங்குபடுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பேசிவைத்த முடிவு என்பது தனிப்பட்ட மல்லர் எவரின் ஒழுக்கக்கேடும் அன்று. சரக்காக மாறிய மல்யுத்தத்தின் உற்பத்தி முறை அது.

உற்பத்தி முறை என்றதும் உழைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். 'பொய்' என்று சொல்லித் தப்பிக்கொள்வோர் காணத் தவறுவது இதனையே. தாரா சிங்கின் புகழுக்கு மகுடமாகச் சொல்லப்படுவது, ஏறத்தாழ 400 இறாத்தல் எடையுள்ள கிங் காங்கை அவர் தலைக்குமேல் தூக்கி எறிந்த காட்சி. அவ்வளவு பாரமுள்ள உடலை, அது விருப்பமின்றிக் கிடக்கும்போது, எந்த மனிதனும் அவ்வாறு தூக்க முடியாது. தூக்கப்படுபவன் உரிய கணத்தில் தன் பாரத்தைத் தானே எழுப்பிக் கொடுக்க வேண்டும். தூக்குபவன் அவனது கழுத்தும் முதுகெலும்பும் முறியாதபடி இறக்க வேண்டும். பலகைமேல் விழும் முதுகு மெய்யாகவே வலிக்கின்றது; எலும்பு மெய்யாகவே தேய்கின்றது. ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைக்கும் இந்தத் தொழிலில், பகைவராகத் தோன்றும் இருவரும் உண்மையிற் கூட்டுத் தொழிலாளர். பகை காட்சிக்கு, ஒத்துழைப்புத் தொழிலுக்கு.

மற்போரைத் தொழிலாளியின் கையோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய செய்யுள்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 82 ஆம் பாட்டில், போரின் விரைவுக்குப் புலவர் கண்ட உவமை இடியுமன்று, சிங்கமுமன்று. ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கின்றது, பொழுதும் சாய்கின்றது. அந்நிலையிற் கட்டிலுக்கு வாரிழுக்கும் தாழ்த்தப்பட்ட தொழிலாளி ஒருவனின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அதனினும் விரைந்தது அந்தப் போர் என்கிறார். அரசகுமாரனின் வெற்றியை அளக்கப் புலவருக்கு உழைப்பவனின் அவசரமே அளவுகோலாயிற்று. அவ்வளவு பழைய கண் நமக்கிருக்க, மேடை மல்லரின் வியர்வையை 'நடிப்பு' என்று ஒதுக்குவது பொருத்தமன்று.

அப்படியாயின் அந்தத் தோல்வியறியாப் புகழ் யாருடைய உழைப்பினால் ஆயது? தோற்றுக்கொடுத்தவர்களின் உழைப்பினால் ஆயது. 1968 இன் 'உலகப் பட்டத்தை' எடுத்துக்கொள்வோம். லூ தெஸ் நெடுங்காலம் உலக வீரராக விளங்கியவரே. ஆனால் அமெரிக்கக் கூட்டமைப்பின் பட்டத்தை அவர் 1966 இலேயே இழந்துவிட்டார். பம்பாயிற் கைமாறியது அந்தப் பட்டமன்று. அந்தப் பட்டத்தின் பழைய ஒளி. தம் பெயரின் ஒளியை மற்றொரு நாட்டின் நாயகனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குரிய கூலியைப் பெற்றுத் திரும்புவது அவருடைய தொழில். தாரா சிங்கை உண்மையான மல்லர், சிறந்த உடற்கட்டுடையவர் என்று தெஸ் பிற்காலத்தில் மதித்துரைத்ததும் பொய்யன்று. தொழிலாளி ஒருவர் மற்றொரு தொழிலாளிக்கு அளித்த சான்றிதழ் அது.

கிங் காங்கின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. அவரது இயற்பெயர் எமில் சாயா. 1909 இல், அன்று ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசிலும் இன்று ருமேனியாவிலும் உள்ள பிராசோவ் நகரிற் பிறந்தவர். பேரரசுகள் உடைந்து நாடுகள் இடம் மாறிய அந்த ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உடலை விற்றுப் பிழைத்துச் சிங்கப்பூரிற் குடியேறினார். 1933 இன் அமெரிக்கப் படத்து இராட்சதக் குரங்கின் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. அறுபது வயதிலும் அத்தொழிலை அவர் விட்டபாடில்லை; 1970 இல் கார் விபத்திற் பட்ட காயங்களாற் சிங்கப்பூரிலேயே இறந்தார். ஊர் ஊராக அவரைக் கண்டு கூச்சலிட்ட கூட்டம், அந்தத் தாடிக்குப் பின்னே நாடிழந்த ஒரு தொழிலாளி இருப்பதை அறியவில்லை. அறியவிடாமல் வைத்திருப்பதே அந்தக் குரங்குப் பெயரின் வேலை.

1959 இற் கல்கத்தாவில் தாரா சிங்கிடம் தோற்ற கனடியர் ஜோர்ஜ் கோர்டியென்கோ இதனினும் வியப்பான உதாரணம். உக்கிரேனியக் குடியேறிகளின் வழிவந்த அவர் இளமையில் அமெரிக்காவிற் பொதுவுடைமைக் கட்சியுடன் தொடர்பு கொண்டிருந்தார். அதன் காரணமாக, செங்கொடி வேட்டை மும்முரமாயிருந்த அந்நாட்களில், அமெரிக்க மேடைகள் அவருக்கு மூடப்பட்டன. பிற நாடுகளில் மல்யுத்தம் செய்து பிழைத்தார். பிற்காலத்தில் ஓவியராக விளங்கினார். கொள்கைக்காகத் தொழிலை இழந்த ஒருவர், இடதுசாரி உணர்வு மிக்க கல்கத்தாவில், வென்றடக்கப்பட வேண்டிய வெள்ளையராகவே நிறுத்தப்பட்டார்! அவருக்காகக் கைதட்டியிருக்க வேண்டியவர்களும் அவரது வீழ்ச்சிக்குக் கைதட்டியிருப்பர். நாம் தேடிய பொய் இங்கேதான் இருக்கின்றது. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதிலன்று. பகைவன் யார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டு, அவனுடைய வரலாறு அழிக்கப்பட்டதிலே இருக்கின்றது.

இவ்விடத்தில் நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1950-களில் தாரா சிங்குக்காக எழுந்த ஆரவாரம் வெறும் மயக்கமன்று. இருநூறாண்டுகள் வெள்ளையனின் பூட்சுக் காலடியிற் கிடந்த மக்கள், தம்மைப் போன்ற குடியானவன் ஒருவன் பேருருவமான ஐரோப்பியனை நிலத்திற் சாய்ப்பதைக் கண்டு எழுந்து நின்று கூவினர். இந்தியா 1947 இலும் இலங்கை 1948 இலும் சுதந்திரம் பெற்றன. ஆனால் உடலளவில் அடிமைத்தனத்தை உதறுவது சட்டத்தினால் மட்டும் ஆவதன்று. அந்த மகிழ்ச்சி வரலாற்று நியாயமுடையது. அதனை ஏளனம் செய்பவன் மக்களை அறியாதவன். நமது வினா, அந்த மகிழ்ச்சி பிறகு என்னவாயிற்று என்பதே.

மல்யுத்தக் காட்சியை முதன்முதல் ஊன்றிப் படித்த விமர்சகருள் ஒருவர் பிரெஞ்சுக்காரரான ரொலான் பார்த். 1957 இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலின் முதற் கட்டுரையில், மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்றும், அங்கே மக்கள் காண விரும்புவது வெற்றியை அன்று, தீயவன் தண்டிக்கப்படும் நீதியை என்றும் அவர் விளக்கினார். இது ஆழ்ந்த நோக்கு. ஆயினும் மல்லரின் உடலைக் குறியாகக் கண்ட அவர், அந்த உடலுக்குக் கூலி கொடுப்பவனைப் பற்றி அதிகம் பேசவில்லை. தீமையின் முகத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அதற்கு விடை காண நமக்குப் பாரிஸ் நகரத்துக் கொட்டகையைவிட மட்டக்களப்பின் களரியும் கண்ணகி கோயில் வெளியும் துணைபுரியும்.

கூத்துக் களரி வட்டமானது. மல்லர் மேடையைப் போலவே நாற்புறமுமிருந்து பார்க்கப்படுவது. வடமோடிக் கூத்தில் வீரரின் வரவு, வீராப்பு வசனம், போர், வீழ்ச்சி என்ற ஒழுங்கும் மேடை மல்யுத்தத்தின் ஒழுங்கை நினைவூட்டும். வேறுபாடு உடைமையில் இருக்கின்றது. கூத்து ஊருக்குரியது, ஆடுபவர் உழவரும் மீனவரும், பகையரசர் இருவருக்கும் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தவர் ஒரே அண்ணாவியார் என்பது பார்ப்போர் அனைவருக்கும் தெரியும். விடிந்தபின் துரியோதனனும் வீமனும் ஒரே வயலுக்குப் போவர். முகமூடிக்குப் பின்னுள்ள மனிதனை அறிந்துகொண்டே அந்த முகமூடியை வெறுக்கும் கலை அது.

கொம்புமுறி விளையாட்டு இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டும். வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூல் இதனை விரிவாகப் பதிந்து வைத்துள்ளது. கண்ணகி வழிபாட்டைச் சார்ந்த இவ்விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும்; ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, வடங்கட்டி இரு பக்கமும் இழுப்பர். முறிந்த கொம்பின் கட்சி தோற்றது. வென்றவர் தோற்றவரை வசைபாடுவர். சச்சரவில் முடிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. பழைமையை நாம் பொன்னாக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இங்கே எதிர்க்கட்சி என்பது அயலூரான் அல்லன், வேற்று இனத்தான் அல்லன். மைத்துனனே எதிரி. தோற்றவனும் வென்றவனும் மழையையும் நோயற்ற வாழ்வையும் ஒரே தெய்வத்திடம் வேண்டுகின்றனர். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்துக்காக நடக்கும் 'அங்கெலிய' என்பதும் இதே விளையாட்டுத்தான். அங்கும் ஊர் மேற்கட்சி, கீழ்க்கட்சி என இரண்டாகப் பிரிந்து கொம்பிழுக்கும். மொழியால் வேறுபட்ட இரு மக்கள், பகையை விளையாட்டாக்கித் தீர்த்துக்கொள்ளும் ஒரே முறையைப் பேணி வந்திருக்கின்றனர். பகைவனை வெளியே தேடாத போட்டி அது.

சந்தை மல்யுத்தம் இதற்கு நேர்மாறானது. அதற்குப் பகைவன் எப்போதும் வெளியிலிருந்தே வரவேண்டும். அவன் உருவம் பயங்கரமாக, அவன் பெயர் மிருகத்தனமாக, அவன் வரலாறு வெறுமையாக இருத்தல் வேண்டும். மேடையில் வளர்க்கப்பட்ட இந்தப் பழக்கம் மேடையோடு நின்றுவிடுவதில்லை. தாரா சிங்கின் பிற்கால வாழ்க்கை அதற்குச் சான்று.

1952 இல் 'சங்தில்' படத்திற் சிறிதாகத் தலைகாட்டிய அவர், 1962 இன் 'கிங் காங்', 1963 இன் 'பௌலாத்' ஆகிய படங்களுக்குப் பின் சண்டைப்பட நாயகரானார். கனவான்கள் இப்படங்களை மதிக்கவில்லை; முன்வரிசைப் பாட்டாளி மதித்தான். அதுவரை பெரிதும் குறைகூற இடமில்லை. 1976 இல் 'பஜ்ரங்பலி' படத்தில் அனுமானாகத் தோன்றினார். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூரதர்ஷன் ஒளிபரப்பிய இராமாயணத் தொடரில் அதே வேடம் அவரை இந்தியாவின் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வெள்ளைப் பயில்வானை வீழ்த்திய அதே மார்பு இப்போது பக்தியின் சின்னமாயிற்று. அத்தொடர் திரட்டிய உணர்ச்சி இந்து தேசியவாதத்தின் எழுச்சிக்கு எவ்வாறு களமமைத்தது என்பதை அரவிந்த் இராஜகோபால் 2001 இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகின்றது. 1991 இல் அத்தொடரின் சீதையும் இராவணனும் பாரதிய ஜனதாக் கட்சியின் வேட்பாளர்களாக வென்று ஒன்றாகவே மக்களவைக்குச் சென்றனர். திரையிலே பகைவர், பட்டியலிலே கூட்டாளிகள். மேடை மல்யுத்தத்தின் இரகசியத்தை இதனினும் நன்றாக விளக்கும் உதாரணம் கிடையாது. அக்கட்சி ஆண்ட காலத்தில், 2003 இல், தாரா சிங் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். 2009 வரை அப்பதவியில் இருந்தார். குடியேற்ற ஆட்சியின் முடிவைக் கொண்டாடிய உடல், ஒரு மதப் பெரும்பான்மையின் அணிகலனாக முடிந்தது. இது ஒரு தனிமனிதரின் சதியன்று. பகைவனின் முகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்கள் கையில் இல்லாதபோது, நாயகனின் உடலும் மக்கள் கையில் நிற்பதில்லை என்பதன் விளைவு.

இலங்கைத் தமிழ் அரங்கு அதே இராமாயணத்தை எவ்வாறு கையாண்டது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1960-களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் தயாரிப்பில், மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' வடமோடிப் பாணியில் அரங்கேறியது. அங்கே இராவணன் தண்டிக்கப்படக் காத்திருக்கும் அரக்கன் அல்லன். தன் பிடிவாதத்தினால் மைந்தரையும் தம்பியரையும் இழந்து தனித்து நிற்கும் துன்பியல் நாயகன். அவனது பிழை மறைக்கப்படவில்லை. ஆனால் அவனது மனம் காட்டப்பட்டது. தோற்பவனுக்கு வரலாறு கொடுப்பதே அந்நாடகத்தின் சாதனை. சந்தை மல்யுத்தம் கிங் காங்குக்கும் கோர்டியென்கோவுக்கும் மறுத்தது இதனையே.

இஃது இலக்கிய இரசனை பற்றிய பிரச்சினை மட்டுமா? வாவிக்கரையில் வாழ்வோர் அவ்வாறு சொல்ல முடியாது. தாரா சிங் மேடையை விட்டு விலகிய அதே 1983 இன் ஜூலை மாதத்திலேதான் இந்நாட்டிற் தமிழர் வேட்டையாடப்பட்டனர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்றோர் புலிகளாற் கொல்லப்பட்டனர்; அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் அயற்கிராமத்துத் தமிழ் மக்கள் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். மல்யுத்தம் இவற்றுக்குக் காரணம் என்று சொல்வது பேதைமை. நிலமும் அரசாங்கமும் அதிகாரமும் சார்ந்த காரணங்கள் வேறு உண்டு. ஆயினும் அயலானின் முகத்தை மறைத்து அதன்மேல் ஒரே ஒரு தீய முகத்தை வரைவதற்கு மக்களைப் பழக்கும் எதனையும், இந்த வரலாற்றுக்குப் பின் நாம் விளையாட்டென்று விட்டுவிட முடியாது. எழுவான்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கோத்த மணிகள் போலக் கிடக்கின்றன. ஒருவன் நெல்லும் மற்றவன் கடையும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கின்றன. அங்கே எவர் எவரைக் 'கிங் காங்' ஆக்கினாலும் உடைவது ஒரே முதுகெலும்புதான்.

இன்று மேடை மல்யுத்தம் தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. 2018 இல் அமெரிக்காவின் பெரும் மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ தாரா சிங்கையும் தனது புகழ்மண்டபத்திற் சேர்த்துக்கொண்டது. வெள்ளையரை வீழ்த்தி எழுந்த நாயகர், இறந்தபின் உலகச் சந்தையின் பொருட்பட்டியலில் ஓர் இலக்கமானார். மாணவர் இக்காட்சியை விரும்புகின்றனர் என்பதற்காக அவர்களைக் கடிவது பயன்தராது. 'அது பொய்' என்று சொல்வதும் பயன்தராது, ஏனெனில் அது அவர்களுக்கு நம்மினும் நன்றாகத் தெரியும். ஆசிரியர் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. தோற்றவர் யார்? அவர் எந்த நாட்டிலிருந்து, ஏன் வந்தார்? அவர் விழுந்ததற்குக் கூலி எவ்வளவு, வென்றவருக்கு எவ்வளவு, இருவரையும் மேடையேற்றியவருக்கு எவ்வளவு? அவருக்குத் தீயவன் என்ற வேடத்தைக் கொடுத்தது யார், அதனால் இலாபம் யாருக்கு? இவ்வினாக்களை மல்யுத்தத்திற் கேட்கப் பழகிய மாணவன், நாளை தேர்தல் மேடையிலும் அவற்றைக் கேட்பான்.

தாரா சிங்கின் வாழ்க்கையிலே மதிக்கத் தக்கன பல உண்டு. ஆலைத் தொழிலாளியாயிருந்து தன் உடலைத் தானே செதுக்கிய உழைப்பு உண்டு. ஏழை எளியோருக்கு நிமிர்ந்து நிற்கும் ஆசையை ஊட்டிய தோற்றமும் உண்டு. அவற்றை மறுக்காமலே நாம் சொல்ல வேண்டுவது ஒன்று. அவரது ஐந்நூறு வெற்றிகளும் அவருடையன மட்டும் அல்ல. ஒவ்வொரு வெற்றியிலும், பெயர் மறைக்கப்பட்ட மற்றொரு தொழிலாளியின் முதுகு பலகையில் மோதியிருக்கின்றது. அந்த முதுகுக்குரியவனின் பெயரையும் ஊரையும் கேட்கும் இரசிகர்களை உருவாக்குவதே, முற்போக்கு விமர்சனம் இந்தக் களரியிற் செய்ய வேண்டிய பணி.